செவிவழித் தொடர்கதையும் கிராமத்து நேயர்களும்

நாற்றுப் பறிப்பவரின் கைகள் இரண்டும் சேற்றில் இருக்கின்றன. கண்கள் நாற்றின்மேல் இருக்கின்றன. செவி ஒன்றுதான் ஓய்ந்திருக்கிறது. தொழுவத்தில் பால் கறப்பவருக்கும், அடுப்படியில் இருப்பவருக்கும், தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் இதே நிலைதான். ஒரு நூலைப் படிக்க வேண்டுமாயின் வேலையை நிறுத்த வேண்டும்; படம் பார்ப்பதற்கும் நிறுத்த வேண்டும். கேட்பதற்கு நிறுத்த வேண்டியதில்லை. உழைக்கும் மக்களின் இந்த ஓய்ந்த செவிக்கென்றே எழுதப்படும் ஒருவகைக் கதை உண்டு. அது வாரந்தோறும், சில இடங்களில் நாள்தோறும், சிறிது சிறிதாக வானொலியில் நடந்துகொண்டே இருப்பது. அதனால் கிராமங்களில் விளைந்தவை யாவை, மக்கள் அதை எவ்வாறு கேட்கிறார்கள், பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் அதில் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செவியின் வலிமையைப் பற்றி நம் நாட்டாருக்கு அதிகம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டே உழவர்கள் அதைப் பெரிதும் மேற்கொண்டமையால், அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆனால் நெல் விதை வேறு, ஊர் வழக்கம் வேறு. புது விதையால் வரும் இலாபத்தை ஓர் அறுவடையில் கண்ணால் காணலாம். வரதட்சிணை வாங்காமல் மகனுக்கு மணம் முடிப்பதன் இலாபத்தை எந்தக் களத்தில் அளந்து காட்டுவது? வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டத்தைப் படித்துக் காட்டினோம், சுவரில் எழுதினோம், ஒலிபெருக்கி வைத்துப் பேசினோம். கூட்டம் முடிந்ததும் கேட்டவர்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். சொற்பொழிவு எட்டாத இடம் ஒன்று மனித உள்ளத்தில் இருக்கிறது. அங்கே கதை நுழைகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

ஆம்பிரிட்ஜ் என்னும் ஊர்

முதலில் இங்கிலாந்து தேசத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னும் அந்நாட்டில் உணவுப் பங்கீடு நீடித்தது. 1954-ஆம் ஆண்டில்தான் அது அடியோடு நீங்கிற்று. விளைச்சலைப் பெருக்க வேண்டும், புதிய முறைகளைச் சிறு பண்ணையாளரும் கைக்கொள்ள வேண்டும் என்பது அரசாங்கத்தின் கவலை. வானொலியில் விவசாயப் பேச்சுக்கள் இருந்தன; கேட்போர்தாம் குறைவு. 1948-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் பி.பி.சி. ஸ்தாபனத்தார் விவசாயிகளை அழைத்து ஓர் ஆலோசனைக் கூட்டம் நடத்தினார்கள். ஹென்றி பர்ட் என்னும் லிங்கன்ஷயர் விவசாயி எழுந்து, அக்காலத்தில் மாலைதோறும் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட 'டிக் பார்ட்டன்' என்னும் துப்பறியும் தொடரைக் குறிப்பிட்டு, விவசாயத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்ததாகச் சொல்வர். எனினும் அந்தச் சொல் காட்பிரி பேஸ்லி என்னும் நிகழ்ச்சி அமைப்பாளரின் மனத்தில் தங்கிவிட்டது. டிக் பார்ட்டன் தொடரை எழுதிய எட்வர்டு மேசன், ஜெப்ரி வெப் இருவரையுமே அவர் அழைத்து வந்து எழுதச் செய்தார். 1950-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒரு வாரம் சோதனையாக ஒலிபரப்பிப் பார்த்து, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கேட்கும்படி 'தி ஆர்ச்சர்ஸ்' என்னும் தொடரைத் தொடங்கினார்கள். சில மாதங்களுக்குள் டிக் பார்ட்டனின் மாலை நேரத்தையே அது பெற்றுக்கொண்டது. விவசாய இலாகாவும் அதற்கு உறுதுணையாய் இருந்தது. அத்தொடர் இன்றும் நடக்கிறது. 20,000 பகுதிகளைக் கடந்துவிட்டது.

ஆம்பிரிட்ஜ் என்பது கற்பனை ஊர். அவ்வூரில் ஆரம்பத்தில் மூன்று பண்ணைகளை முதன்மையாக வைத்தார்கள். டான் ஆர்ச்சர் என்பவர் கையில் பணம் குறைவாயினும் திறமையாய்ப் பயிரிடுபவர். அடுத்த வீட்டு வால்டர் கேப்ரியல் என்பவருக்குப் பணமும் இல்லை, திறமையும் இல்லை. ஆனால் பேச்சு உண்டு. மூன்றாமவர் பேர்பிரதர் என்னும் செல்வர். தொழிலில் சேர்த்த பணத்தை நிலத்தில் போட்டவர். இந்த அமைப்பின் நுட்பத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு புதிய உரத்தைப் பற்றியோ கருவியைப் பற்றியோ டான் பேசுவார். வால்டருக்கு அது விளங்காது. அவர் திரும்பத் திரும்பக் கேட்பார், தவறாகப் புரிந்துகொள்வார், ஏளனமும் செய்வார். டான் மறுபடி விளக்குவார். கேட்டுக்கொண்டிருக்கும் உழவர், 'இந்த வால்டருக்கு இதுகூடத் தெரியவில்லையே' என்று சிரித்துக்கொண்டே தாமும் கற்றுக்கொள்வார். தமக்கு ஒருவர் பாடம் சொல்கிறார் என்ற குறைவுணர்ச்சி அவருக்கு ஏற்படுவதில்லை. தலை நரைத்த உழவரிடம் நேரே சென்று, 'நீங்கள் செய்வது தவறு' என்று இளம் உத்தியோகஸ்தர் ஒருவர் கூறினால் என்ன நிகழும் என்பது நமக்குத் தெரியாததன்று.

இத்தொடரில் காலம் ஓடும் விதமும் கருதத்தக்கது. நேயரின் வயலில் அறுவடை நடக்கும்போது ஆம்பிரிட்ஜிலும் அறுவடை நடக்கும். இங்கே பண்டிகை என்றால் அங்கேயும் பண்டிகை. கதாபாத்திரங்களுக்கு வயது ஏறுகிறது, குழந்தைகள் வளர்ந்து பண்ணையை ஏற்கிறார்கள், முதியோர் மறைகிறார்கள். அந்த ஊர் எங்கோ பக்கத்தில் இருக்கிறது என்றே கேட்போர் எண்ணத் தலைப்பட்டனர். 1955 செப்டம்பர் 22 அன்று டானின் மருமகளான கிரேஸ், தீப்பற்றிய குதிரை லாயத்தினுள் குதிரையைக் காப்பாற்றச் சென்று உயிரிழந்தாள் என்று கதை சென்றது. லண்டனில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவு அது. அன்றிரவு ஏறத்தாழ 2 கோடிப் பேர் கேட்டதாக மதிப்பிட்டார்கள். நாட்டின் மக்கள்தொகை அப்போது 5 கோடியைச் சிறிதே தாண்டியிருந்தது. வானொலி நிலையத்தின் தொலைபேசிகள் ஓயவில்லை, கடிதங்கள் குவிந்தன, இல்லாத ஒரு பெண்ணுக்காக மலர்வளையங்கள் வந்தன. புதிய தொலைக்காட்சியின் மீது மக்கள் கவனம் செல்லாதிருக்கவே இச்சாவு அன்றைக்கு வைக்கப்பட்டது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். கதைக்கு இவ்வளவு வலிமை இருக்கும்போது அதைக் கையாள்வோர்க்குப் பொறுப்பும் அவ்வளவு இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மறு ஆண்டு, 1956-இல், டான் ஆர்ச்சரின் மாடுகளுக்குக் கோமாரி கண்டது. அந்நாட்டுச் சட்டப்படி நோய் கண்ட மந்தை முழுவதையும் கொன்று புதைக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பெயர் சொல்லி அழைத்த பசுக்கள் போவதைக் கேட்ட பண்ணையாளர்கள், நோயை மறைக்காமல் உடனே தெரிவிப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை எந்தத் துண்டுப் பிரசுரத்தாலும் அறிய முடியாத அளவுக்கு அறிந்திருப்பர். 2001-இல் உண்மையாகவே அந்நாட்டில் கோமாரி பரவியபோது, முன்பே பதிவு செய்திருந்த பகுதிகளை மாற்றி, ஆர்ச்சர் குடும்பத்தார் பண்ணையின் வாயிலை அடைத்து, வெளியார் வராமல் தங்களைத் தனிமைப்படுத்திக்கொள்வதாக அமைத்தார்கள். உண்மை விவசாயிகள் அதே வாரங்களில் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

காதுக்கு எழுதுதல்

இதனை எழுதும் முறை கண்ணுக்கு எழுதும் முறையினின்றும் வேறு. வானொலிக் கதையில் பேசாமலிருப்பவர் இல்லாதவரே ஆவார். ஐந்தாறு பேர் ஒரே காட்சியில் கூடினால் யார் பேசுகிறார் என்பது விளங்காது. ஆகையால் இருவர் அல்லது மூவரே நேரெதிர் பேசும்படி காட்சிகளை அமைப்பது வழக்கம். அம்மூவரின் குரலும் ஒன்றற்கொன்று மாறுபட்டிருத்தல் வேண்டும். கிழவர் குரல், இளம் பெண்ணின் குரல், கரகரத்த குரல் என்று தேர்ந்தால் பெயரைச் சொல்லாமலே நேயர் அடையாளம் காண்பார். எனினும் காட்சியின் தொடக்கத்தில் ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அழைத்துவிட வேண்டும். 'அத்தை, இங்கே வாருங்கள்' என்ற ஒரே அழைப்பில் இடமும் உறவும் மரியாதையும் தெரிந்துவிடுகின்றன. தமிழில் எழுதுவோருக்கு உறவுமுறைப் பெயர்கள் இவ்வகையில் பெருந்துணை.

இடத்தை ஓசையால் காட்டுவார்கள். வெறும் பாத்திரத்தில் பால் பீய்ச்சும் ஓசை கணீரென்று இருக்கும். பாத்திரம் நிறைய நிறைய அது மந்தமாகிவிடும். இவ்வோசை ஒன்றே தொழுவம், விடியற்காலை, கறவை முடியும் தறுவாய் என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது. ஆர்ச்சர்ஸ் தொடரைப் பதிவு செய்யும் அரங்கில் துணிக்கு இஸ்திரி போடும் மடக்குப் பலகையைத் திறந்து மூடியே பண்ணைக் கதவின் ஓசையை உண்டாக்குவார்கள். கழித்துப்போட்ட ஒலிநாடாவை மிதித்து வைக்கோலின் சரசரப்பைக் காட்டுவார்கள். தெருக்கூத்தில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு திரையெனக் கொண்ட நம்மவர்க்கு இது வியப்பைத் தராது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று ஒருமுறை சொன்னால் அது செவியில் தங்காது. அச்சில் போலத் திரும்பிப் பார்க்க இயலாதல்லவா? ஆகையால் ஒரு பகுதியில் ஓர் எண்ணுக்கு மேல் வேண்டா. அதையும் வாய்ச்சண்டையின் நடுவே இரண்டு மூன்று முறை வரச் செய்ய வேண்டும். காது மந்தமான தாத்தா ஒருவர் கதையில் இருந்தால் நல்லது. அவர் 'எவ்வளவு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒவ்வொரு பகுதியும் ஏதேனும் ஒரு கேள்வியில் நிற்க வேண்டும் என்பதை நாம் சொல்லாமலே அறிவீர்கள். ஆனால் அந்தக் கேள்வி கொலை, களவு என்றிருக்க வேண்டியதில்லை. 'கடனை அடைக்க மாட்டை விற்பாரா?' என்பதே போதும். அது நேயரின் சொந்தக் கேள்வியாகவும் இருக்கும்.

மெக்சிகோ நாட்டு மிகுயேல் சபிதோ 1970-களில் தொலைக்காட்சித் தொடர்களுக்கென ஒரு முறையை வகுத்தார். பின்னர் பல நாட்டு வானொலித் தொடர்களும் அதைப் பின்பற்றின. நல்வழியில் நிற்பவர் ஒருவர், தீய வழியில் பிடிவாதமாய் நிற்பவர் ஒருவர், இருவர்க்கும் இடையே தத்தளிப்பவர் சிலர் என மூவகைப் பாத்திரங்களை அவர் அமைத்தார். தத்தளிப்பவரே நேயருக்கு நெருங்கியவர். அவர் தவறுவார், வருந்துவார், மெல்ல மெல்லத் தேறுவார். அந்த மெதுவான மாற்றத்திற்கு நாள் வேண்டும்; ஆகவேதான் ஒருநாள் நாடகத்தைவிட ஓராண்டுத் தொடர் வலியது.

லுத்சான் கிராமத்தின் கடிதம்

நம் நாட்டிற்கு வருவோம். அகில இந்திய வானொலி 1996 பிப்ரவரி முதல் ஓராண்டு, வட இந்திய நிலையங்கள் 27-இன் வழியாக, 'திங்கா திங்கா சுக்' என்னும் இந்தித் தொடரை வாரம் இருமுறை ஒலிபரப்பிற்று. 'சின்னச் சின்ன இன்பம்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மொத்தம் 104 பகுதிகள். அதில் பூனம் என்னும் புதுமணப்பெண் ஒருத்தி, கொண்டுவந்த சீர் போதவில்லை என்று புகுந்த வீட்டாரால் வதைக்கப்பட்டு, இறுதியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இலட்சத்திற்கு மேற்பட்ட கடிதங்கள் வானொலிக்கு வந்தன. அவற்றுள் ஒன்று சாதாரணக் கடிதமன்று. உத்தரப் பிரதேசத்தில் அலிகார் பகுதியைச் சேர்ந்த லுத்சான் கிராமத்திலிருந்து 1996 டிசம்பரில் வந்த பெரிய தாள் அது. பூனத்தின் கதை தங்களை உலுக்கிவிட்டதென்றும், இனி வரதட்சிணை கொடுப்பதுமில்லை வாங்குவதுமில்லை என்றும் எழுதி, 184 பேர் அதில் கையெழுத்தும் கைநாட்டும் இட்டிருந்தார்கள்.

இது எவ்வாறு நேர்ந்தது? அவ்வூரில் ஒரு தையற்காரர் இருந்தார். வானொலியில் மிக்க ஈடுபாடு உள்ளவர். அவருடைய தையற்கடையில் தொடர் ஒலிக்கும்போது வாடிக்கைக்காரர்களும் அண்டை அயலாரும் கூடினர். கேட்டு முடிந்ததும் எழுந்து போய்விடவில்லை, பேசினார்கள். பூனத்தின் மாமியார் செய்தது தகுமா, தந்தை கடன் வாங்கிச் சீர் செய்தது தகுமா என்று வழக்காடினார்கள். கதைமாந்தரைப் பற்றி வழக்காடுவதில் ஒரு வசதி உண்டு. அடுத்த தெருவில் நடந்ததைப் பற்றிப் பேசினால் பகை மூளும்; பூனத்தைப் பற்றிப் பேசினால் பகையில்லை. ஆனால் பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் தம் வீட்டுப் பெண்ணின் முகமே மனத்தில் இருக்கும். அந்தப் பேச்சிலிருந்தே கடிதம் பிறந்தது.

பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அவ்வூருக்குப் பலமுறை சென்று தங்கி விசாரித்தார்கள். கையெழுத்திட்ட மறுநாளே ஊர் மாறிவிட்டது என்று அவர்கள் எழுதவில்லை. பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி முன்னிலும் ஊக்கம் பிறந்திருந்தது. பெற்றோர் சிலர் துணிந்தார்கள். ஆயினும் பழைய அதிகாரங்கள் எதிர்த்தன. மேடையில் ஒன்று சொல்லி வீட்டில் வேறு செய்தவர்களும் இருந்தார்கள். பெண்களின் விருப்பத்திற்கு ஆண்கள் குறுக்கே நின்ற இடங்களும் உண்டு. இதை மறைத்துவிட்டு 184 கையெழுத்தை மட்டும் கொண்டாடுவது நமக்கு உடன்பாடில்லை. தீர்மானம் நிறைவேற்றுவது எளிது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களை விட நன்கறிந்தவர் யார்? ஆனால் அக்கடிதம் ஊரார் கூடியிருந்து தாமே எழுதியது. மேலிடத்திலிருந்து மாதிரிப் படிவம் போகவில்லை. அந்த வேறுபாட்டை நாம் சிறிதாக மதிக்கவில்லை.

பீகாரில் 2002 முதல் 2003 வரை 'தாரு' என்ற தொடர் நடந்தபோது முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒலிபரப்புத் தொடங்குமுன் கிராமங்களில் கதையை நாட்டார் கூத்தாக ஆடிக் காட்டி, வினாக்களுக்குச் சரியாய் விடையளித்தவர்களுக்கு வானொலிப் பெட்டி பரிசளித்து, அவர்களைக் கொண்டே கேட்போர் மன்றங்கள் அமைத்தார்கள். கதையில் ஒரு பெண் தலித் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்குகிறாள். அதைக் கேட்ட அபீர்பூர் என்னும் ஊரின் இளம்பெண்கள் சிலர் தாமும் ஏழைக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கற்பிக்கலாயினர்.

வயலில் சோதனைப் பாத்தி இடுவதுபோல்

கதையால்தான் மாற்றம் வந்தது, வேறெதனாலும் அன்று என்று எப்படிச் சொல்வது? உழவர்கள் இக்கேள்வியை நியாயமாகவே கேட்பார்கள். உரம் போட்ட பாத்தியின் பக்கத்தில் போடாத பாத்தி ஒன்று இருந்தால்தானே உரத்தின் பயன் தெரியும்? ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் அப்படியே செய்தார்கள். அங்கே 1993 ஜூலை முதல் 'ட்வெண்டே நா வகாட்டி' என்னும் சுவாஹிலித் தொடர் வாரம் இருமுறை நடந்தது. 'காலத்தோடு செல்வோம்' என்பது அதன் பொருள். நாடெங்கும் ஒலிபரப்பினாலும் தோதோமா என்னும் பகுதியின் நிலையத்தில் மட்டும் 1995 வரை வேறு நிகழ்ச்சியை வைத்தார்கள். அதுவே உரமிடாத பாத்தி.

கதையில் முக்வாஜு என்ற லாரி ஓட்டி ஊர் ஊராகச் சென்று பல பெண்களுடன் தொடர்பு கொள்கிறான். எய்ட்ஸ் நோய்க்கு ஆளாகிறான். மனைவி தூனு அவனைப் பிரிந்து தன் காலில் நிற்கிறாள். இரண்டாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, ஒலிபரப்பான பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளை மேற்கொண்டோர் கூடியிருந்தனர். தோதோமாவில் அவ்வாறு இல்லை. 1995-க்குப் பின் அங்கும் ஒலிபரப்பியதும் அங்கும் கூடிற்று. எய்ட்ஸ் நோயினின்று தம்மைக் காத்துக்கொள்ள நடத்தையை மாற்றிக்கொண்டதாகக் கூறியோரும் பலர். ஆராய்ந்தவர்கள் வற்புறுத்திச் சொன்ன ஒரு செய்தி என்னவெனில், வானொலி கேட்டவுடன் நேரே மருத்துவமனைக்கு மக்கள் நடக்கவில்லை. இடையில் கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசினார்கள் என்பது. அதுவரை பேசாதிருந்த பொருளைப் பற்றி, முக்வாஜுவைச் சாக்கிட்டுப் பேசினார்கள்.

ஒன்றை எச்சரிக்கையாகக் கூற வேண்டும். எழுதுபவர் எண்ணியபடியே நேயர் கொள்வார் என்பது உறுதியன்று. 1984-85 ஆண்டுகளில் நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 'ஹம் லோக்' என்னும் தொடர் 156 பகுதிகள் நடந்தது. அதில் எல்லாவற்றையும் பொறுத்துக் குடும்பத்திற்காகத் தேய்ந்துபோகும் தாயைப் பெண்கள் இப்படி இருக்கலாகாது என்று காட்டவே அமைத்தார்கள். பார்த்தவர்களிற் பலரோ, பெண்களுங்கூட, அவளையே போற்றத்தக்க முன்மாதிரியாய்க் கொண்டனர். நடிகர் அசோக் குமார் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தோன்றி விளக்கம் கூறியும் அது நேர்ந்தது. ஆகவே கதையை ஒலிபரப்பிவிட்டு வேலை முடிந்தது என்றிருக்க முடியாது. கேட்டவர்கள் என்ன கொண்டார்கள் என்று திரும்பக் கேட்டறியவும் வேண்டும்.

கூடிக் கேட்டலும் தனித்துக் கேட்டலும்

கூடிக் கேட்பதன் பயனை நம் நாட்டிலேயே 1956-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் உதவியுடன், அன்றைய பம்பாய் மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களைத் தேர்ந்து, புனா வானொலியிலிருந்து வாரம் இருமுறை அரை மணி வீதம் 20 நிகழ்ச்சிகளை ஒலிபரப்பினார்கள். நாடகமும் உரையாடலும் வினா விடையும் அவற்றில் கலந்திருந்தன. ஒவ்வோர் ஊரிலும் இருபது பேர் வரை கொண்ட மன்றம் ஒன்று. அதற்குத் தலைவர் ஒருவர், அமைப்பாளர் ஒருவர். கேட்டு முடிந்ததும் கலந்து பேசி, ஐயங்களை எழுதி வானொலிக்கு அனுப்புவர். அடுத்த நிகழ்ச்சிகளில் விடை வரும். மன்றம் இருந்த ஊர்களையும், வானொலி மட்டும் இருந்து மன்றமில்லாத ஊர்களையும், இரண்டும் இல்லாத ஊர்களையும் டாடா சமூக விஞ்ஞானக் கழகத்தார் ஒப்பிட்டனர். மன்றமிருந்த ஊர்களில் அறிவு வெகுவாகக் கூடிற்று. வானொலி இருந்தும் மன்றமில்லாத ஊர்களில் கூடியது சொற்பமே. பெட்டியை விட அதைச் சுற்றி நடக்கும் பேச்சே பெரிது என்பது அன்றே தெளிவாயிற்று. அன்றியும் அம்மன்றங்களிற் பல, கேட்பதோடு நில்லாமல், ஊர்ப் பொதுக் காரியங்களை முடிவு செய்யும் சபைகளாகவும் வளர்ந்தன. 1959-இல் இத்திட்டத்தை நாடெங்கும் விரித்தார்கள். பிற்காலத்தில் அது தேய்ந்துபோயிற்று.

இன்று பஞ்சாயத்துத் திண்ணையில் பொது வானொலிப் பெட்டி இல்லை. ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. விட்டுப்போன பகுதியை மறுநாள் கேட்கலாம். களத்து மேட்டிலோ பேருந்திலோ கேட்கலாம். 1951-இல் ஆங்கில நாட்டு உழவருக்குக் கிட்டாத வசதி இது. ஆயினும் காதில் பொருத்திக்கொண்டு தனியே கேட்பவர், கேட்டதைத் தம்முள்ளேயே வைத்துக்கொள்கிறார். தாத்தா சிரித்த இடத்தில் பேத்தி ஏன் சிரிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. தையற்கடையில் நடந்த வழக்கு இங்கே நடப்பதில்லை. கருவி முன்னேறிய அளவுக்குக் கேட்கும் முறை முன்னேறியதாக நாம் கருதவில்லை.

ஆகவே மகளிர் சுய உதவிக் குழுக்கள் போன்று ஏற்கெனவே கூடும் வழக்கமுள்ள இடங்களில் இதை வைத்துப் பார்க்கலாம். புதிதாக ஒரு சங்கம் தொடங்கிப் பெயர்ப் பலகை மாட்ட வேண்டியதில்லை. வாரக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்தவுடன் கால் மணி நேரம் கதை, அரை மணி நேரம் பேச்சு என்று வைத்துக்கொள்வது போதும். செல்பேசி ஒன்றை ஒலிபெருக்கும் சிறு பெட்டியோடு இணைத்தால் முப்பது பேருக்குக் கேட்கும். பேச்சை நடத்துபவர் தீர்ப்புக் கூறலாகாது. 'நீங்கள் அந்த மாமியாராக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதே அவருடைய வேலை. இது சொல்வதற்கு எளிது. நம்போன்ற உத்தியோகஸ்தர்களுக்குச் செய்வது கடினம்.

கதை எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்த மத்திய அரசு அனுமதிக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் அதற்கும் முன்பே, 2004-இல், தொடங்கியது. அத்தகைய நிலையம் எட்டும் தொலைவிலுள்ள பஞ்சாயத்துக்கள் தங்கள் ஊராரைக் கொண்டே பதின்மூன்று வாரத் தொடர் ஒன்றை எழுதுவித்து நடிக்கச் செய்யலாம். தெருக்கூத்துக் கலைஞரும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் பேச்சு வல்ல பாட்டியும் இல்லாத ஊர் ஏது? பேஸ்லி வைத்ததுபோல் மூன்று வீடுகளை வைத்தால் கதை ஓடும். அவ்வாறு எழுதும்போது கதைமாந்தர்க்கு இடும் பெயர்களில் ஒன்றேனும் அவ்வூர் வாக்காளர் பட்டியலில் இருத்தலாகாது. இருந்தால், 'என்னைத்தான் சொல்கிறாய்' என்று முதல் வாரத்திலேயே வழக்கு வரும். சாதியைக் குறிப்பாகக் காட்டும் பேச்சு வழக்கையும் தீயவர் வாயில் வைத்தலாகாது. கிராமத்திற்கு நன்மை செய்ய வந்த அதிகாரி என்று ஒரு பாத்திரம் கட்டாயம் வேண்டுமென்று யாரேனும் சொன்னால், அவருக்கு மிகக் குறைந்த வசனங்களைக் கொடுங்கள். அவர் நீளப் பேசத் தொடங்கியதும் நேயர்கள் பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

இனி நேரம். ஆர்ச்சர்ஸ் தொடர் முதலில் முற்பகலில் வந்து, மாலைக்கு மாறிய பின்னரே வீட்டார் அனைவரும் கூடிக் கேட்கும்படி ஆயிற்று. நம் ஊர்களில் நேரத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பது கூடாது. மாலைப் பால் ஊற்றிவிட்டுப் பெண்கள் எப்பொழுது வீடு திரும்புகிறார்கள், அடுப்பு எப்பொழுது பற்றவைக்கப்படுகிறது, குழாயில் தண்ணீர் எந்த நாளில் எந்த மணிக்கு வருகிறது என்பவற்றைத் தெருத் தெருவாகக் கேட்டு எழுதி, அதன் பின்னர் ஒலிபரப்பு நேரத்தை அவர்களைக் கொண்டே குறிக்கச் செய்தல் வேண்டும்.